சோமன் வைத்த ஒட்டு

விசிறியைக் குறைத்து வைத்ததற்கு நன்றி. எனக்குச் சளிக்கட்டு உண்டு. நேரே முகத்தில் காற்று அடித்தால் மத்தியானத்துக்குள் தலை பாரமாகிவிடும். தாளும் நல்ல தாளாகத்தான் தந்திருக்கிறீர்கள். நேற்று நான் சொல்லச் சொல்ல உங்கள் ஏட்டு எழுதினார். வாசித்துப் பார்த்தேன். பீங்கானை ஓரிடத்தில் கண்ணாடி என்றும் இன்னோரிடத்தில் ஓடு என்றும் எழுதியிருந்தார். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். மலையாளத்திலும் எழுதுவேன்; ஆனால் எங்கள் வீட்டில் மனம்விட்டு எழுதுவதென்றால் அது தமிழில்தான். மொழிபெயர்க்க ஆள் வைப்பீர்கள். விஷயம் தெரிந்த ஆளாக வையுங்கள் என்று சொல்லத்தான் முடியும், வைப்பீர்கள் என்று நம்ப முடியவில்லை.

என் பெயர் மகேஷ்குமார். தகப்பனார் பூதலிங்கம் பிள்ளை. வயது ஐம்பத்துநான்கு. உதியன்குளங்கரை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருஷமாகச் சோதனைப் பொறுப்பாளன். முதலாளி விஜயதாஸ். அவருக்கு இயந்திரத்தின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர் சிரமப்பட்டதில்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், சாப்பிடப் போவார். அவரை இதில் இழுக்காதீர்கள். குற்றம் செய்யவும் கொஞ்சம் மூளை வேண்டும்.

எங்களிடம் வருகிற வேலைகளில் முக்கியமானது, உலோகத்தையும் பீங்கானையும் சேர்த்து ஒட்டிய இணைப்புகளைச் சோதிப்பது. எக்ஸ்ரே குழாய் போன்றவற்றில் இந்த ஒட்டு உண்டு. உலோகம் சூட்டில் விரியும், பீங்கான் அந்த அளவு விரியாது. இரண்டும் பிறவியிலேயே சேராத ஜாதி. அவற்றைச் சேர்த்து வைக்கிற ஒட்டுதான் எல்லாவற்றிலும் பலவீனமான இடம். அந்த இடத்தை இரண்டு விதமாகச் சோதிக்கலாம்.

துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். புதுத்துணியை வெறும் கையால் கிழிக்க முடியாது. கடைக்காரன் கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுப்பான்; சர்ரென்று கடைசிவரை போகும். வெட்டு வைக்காமல் இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது வலுச் சோதனை. வெட்டு வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது இன்னொரு சோதனை. இரண்டும் ஒரே இயந்திரத்தில்தான் நடக்கும். இரண்டுக்கும் எண் வரும். ஆனால் ஒன்றின் எண்ணை மற்றதன் இடத்தில் எழுதக்கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம். விஜயதாஸுக்கு இன்றுவரை தெரியாது.

இனி சோமன்.

குளத்தூரில் அவனுக்கு ஒரு ஷெட் இருந்தது. நேற்று நான் அவன் என்று சொன்ன இடத்திலெல்லாம் ஏட்டு அவர் என்று எழுதியிருக்கிறார். எழுதிக்கொள்ளட்டும். சோமனுக்கு என்னைவிட நாலு வயது கூடுதல் என்பது உண்மை. ஆனால் அவனுடைய அப்பன் எங்கள் தோப்பில் தேங்காய் வெட்டியவன், எங்கள் பின்வாசலுக்கு வந்து நின்று கூலி வாங்கியவன். எங்கள் வீட்டில் யாரும் அவர்களிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. விசேஷ நாளில் அவர்களுக்குத் தனியாக எடுத்துவைத்துக் கொடுத்துத்தான் அனுப்புவோம். பழைய வழக்கங்களை நான் நம்புகிறவன் அல்ல. நான் படித்தவன்.

சோமன் ஐடிஐ முடித்து வெளிநாட்டில் இருபது வருஷம் ஏதோ தொழிற்சாலையில் உலை பார்த்தான். அங்கே கற்ற வேலையை இங்கே செய்ய வேண்டும் என்று ஆசை. தென்னந்தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்டு, உலை ஒன்றை நிறுத்தி, பீங்கான் வளையத்தை உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி அவனிடம் வருஷம் முழுக்க வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை. அங்கீகாரம் உள்ள கூடத்தில் ஐந்து துண்டுகளின் வலுவைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். எண்பது மெகாபாஸ்கலுக்குக் கீழே ஒன்றுகூடப் போகக்கூடாது. மூன்று தடவைக்குமேல் வாய்ப்பு இல்லை.

அவன் சென்னைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போன வருஷம் மாசி மாதம் ஒரு மரப்பெட்டியோடு எங்கள் கூடத்துக்கு வந்தான். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் உட்காரச் சொல்லும் முன்னே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மகேஷே, சொகந்தன்னே? நாட்டுல நீ இருக்கச்ச நான் எதுக்கு மக்கா வேற எடம் தேடிப் போகணும். இழுத்துப் பாரு. என் கையாக்கும், விடாது.”

என் மேஜையில் என் பேனா கிடந்தது. தன் பையில் இரண்டு இருந்தும் அதை எடுத்துத்தான் படிவத்தை நிரப்பினான். நிரப்பிவிட்டு மூடியைப் போடாமல் வைத்தான். இதையெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஐந்து துண்டுகளும் ஐம்பத்துநான்குக்கு மேல் போகவில்லை. ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்துநான்கு, ஐம்பத்துமூன்று. இந்த எண்கள் பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இயந்திரம் காட்டியதைத்தான் எழுதினேன். என் இருபத்தேழு வருஷத்தில் இயந்திரம் காட்டாத ஓர் எண்ணை நான் எழுதியதில்லை. இழுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டின் ஓரத்தில், வைரத்தூள் பதித்த மெல்லிய கம்பியால் சிறிய வெட்டு ஒன்று வைத்தேன், அவ்வளவுதான். வலுச் சோதனைக்கு வந்த துண்டுகளை வெட்டுச் சோதனையின் முறைப்படி இழுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை வாங்கிய சோமன் அதை மூன்று தடவை வாசித்தான். முப்பது நாள் கழிந்ததும் உடைந்த துண்டுகளை உறையில் போட்டு, எண் எழுதி, அவனுக்கே திருப்பி அனுப்பினேன். அது எங்கள் கூடத்தின் விதி. தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாமே என்று உங்கள் இன்ஸ்பெக்டர் கேட்டார். வாடிக்கையாளர் பொருளைக் குப்பையில் போடுவது முறையல்ல.

அடுத்த வாரமே அந்த உறைகளோடு வந்தான். இந்தத் தடவை நின்றுகொண்டே பேசினான். ஒரு துண்டை எடுத்து, உடைந்த முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஓரத்தில் என் வெட்டு பளபளவென்று தெரிந்தது.

“இங்க பாரு மகேஷே. இந்த ஓரத்துல ஒட்டு பிடிக்கவே இல்ல. அஞ்சுலயும் இதே எடம். என் வேலையில எங்கயோ பெசகு உண்டு. எங்கன்னு எனக்கு மனசிலாவல்ல.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷம் உலை பார்த்தவன். கம்பி வைத்து அறுத்த வெட்டுக்கும் ஒட்டு பிடிக்காத இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, தன் தவறாகத்தான் இருக்கும் என்று உடனே நம்பிவிட்டான். என் ரிப்போர்ட்டில் தவறு இருக்கலாம் என்று ஒரு கணம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு பேனா குத்திக்கொண்டால் மட்டும் போதாது என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் தடவை சித்திரையில். பசையை மாற்றி, பூச்சை மாற்றி, உலையின் சூட்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதே வெட்டு, அதே ஆழம், அதே ஐம்பத்துமூன்று. ஷெட்டில் அவனிடம் வேலை பார்த்த இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்று அவன் மனைவி சுகுமாரி யாரிடமோ சொல்லி, அது என் மனைவி ஆனந்தலட்சுமியின் காதுக்கு வந்தது. “அந்த மனுசனுக்கு ஒரு வழி சொல்லிக் குடுக்கப்பிடாதா?” என்று கேட்டாள். இதைக் குறிப்பிடுவது, அவனுக்கு யோசனை சொல்லும் எண்ணம் என்னுடையது அல்ல, அவளுடையது என்று உங்களுக்குத் தெரியத்தான்.

சொன்னேன். அவனை வரவழைத்தே சொன்னேன்.

அந்த உலையைப் பற்றி ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே ஹைட்ரஜன் நிறைந்திருக்கும். வேலை முடிந்து சூடு கொஞ்சம் தணிந்ததும் நைட்ரஜனை உள்ளே விட்டு, மிச்சமுள்ள ஹைட்ரஜனையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். காற்றும் ஹைட்ரஜனும் சூட்டில் கலந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சோமன் எப்போதும் மூன்று மணி நேரம் தள்ளுவான். அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

“சூட்டுல ரொம்ப நேரம் கெடக்குது சோமா. ஒட்டுக்கு நடுவுல உள்ள படலம் தடிச்சு, ஒட்டு வலுவில்லாமப் போகும். சீக்கிரம் வெளிய எடுத்துப் பாரு” என்றேன்.

“அப்பம் நைட்ரஜன் விடுற நேரத்தயும் கொறைக்கணுமே?”

“ஒன் ஒல, ஒன் இஷ்டம்.”

பிறகு கைகூப்பினான். “சரி சார். அப்படியே செய்துட்டு வாறேன்” என்றான். அன்றைக்குத்தான் முதல் முறையாக சார் என்றான். எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை துண்டுகள் வந்தபோது ஆடி மாதம், நல்ல மழை. நைட்ரஜன் விடும் நேரத்தை மூன்றிலிருந்து ஒன்றரை மணியாகக் குறைத்திருந்தான். இதற்குமேல் வாய்ப்பு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பெங்களூர்க்காரர்களுக்குப் போவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துத் தாருங்கள் சார், கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினான். ஒத்துக்கொண்டேன். விதியில் அதற்கு இடம் உண்டு.

இந்த இடத்தை ஏட்டுக்குப் புரிய வைக்க நேற்று ஒரு மணி நேரம் ஆனது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். அதுவரை வெட்டின் ஆழம் 0.80 மில்லிமீட்டர். இந்தத் தடவை 0.60 வைத்தேன். வெட்டு ஆழம் குறைந்தால் எண் கூடும். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்துமூன்று, அறுபத்திரண்டு. எண்பதுக்குக் கீழேதான். ஆனால் ஏறியிருக்கிறது.

சோமன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். ஐம்பத்தெட்டு வயது ஆள், அடுத்த வாடிக்கையாளர் இருக்கும்போதே அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை.

“ஏறுது சார். நீங்க சொன்னதாக்கும் சரி. இன்னும் கொறைச்சா எம்பது தாண்டும், இல்லியா?”

“தாண்டலாம்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் உங்கள் வக்கீல்கள் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்று நினைக்கிறேன். தாண்டலாம் என்றால் தாண்டும் என்று அர்த்தமல்ல.

ஓணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சோமன் இருபது நிமிஷம் நைட்ரஜன் விட்டுவிட்டு உலையின் கதவைத் திறந்தான். தகரக் கூரை பக்கத்துத் தோப்பில் கிடந்தது. பத்திரிகையில் பாய்லர் வெடித்தது என்று போட்டார்கள். உலைக்கும் பாய்லருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் ஊருக்கு விஷயம் சொல்கிறார்கள். மெடிக்கல் காலேஜில் ஒன்பது நாள் கிடந்தான். கடைசிவரை பேச்சு இருந்ததாம். துண்டுகள் தப்பித்தனவா, அவற்றை மகேஷ் சாரிடம் கொண்டு போய்க் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

துக்கம் கேட்கப் போனேன். போகாமலிருப்பது மரியாதை அல்ல. சுகுமாரி எனக்கு மட்டும் ஸ்டீல் டம்ளரில் சாயா கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. அது வெறும் வழக்கம், வேறொன்றும் இல்லை.

மகள் ஆர்யா அங்கேதான் இருந்தாள். எம்டெக் படிக்கிறவள், இதே பொருள்களைப் பற்றிய படிப்பு. வாசல்வரை என்கூட வந்தாள்.

“சார், ஒரு காரியம் கேக்கட்டா? அச்சனுக்க ஒட்டு அத்தரைக்கு மோசமா இருந்துதா?”

“ரிப்போர்ட்டுல உள்ளதுதான் மோளே” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அப்போதே அவள் கண்ணில் ஒன்று இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு எம்டெக் என்று ஒரு பட்டம் கொடுத்து அனுப்புகிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அவள் பிடித்த இடம் எதுவென்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. வெட்டை அவள் முதலில் பார்க்கவில்லை. எண்களைத்தான் பார்த்திருக்கிறாள். பீங்கான் ஒட்டு ஒருபோதும் ஒரே மாதிரி உடையாது. ஒரே கை, ஒரே உலை என்றாலும் ஒன்று எழுபது காட்டும், இன்னொன்று நூற்றிருபது காட்டும். பதினைந்து துண்டுகள் இப்படி அடுத்தடுத்த எண்களில் உடைய வேண்டுமென்றால் யாரோ அளந்து வைத்துத்தான் உடைத்திருக்க வேண்டும். பிறகுதான் வீட்டில் இருந்த உறைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்திருக்கிறாள். வேறொருவனாக இருந்தால் வெட்டைக் கோணல்மாணலாக வைத்திருப்பான், எண்ணும் சிதறியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அரைகுறை வேலை எனக்கு வராது. அதற்கு நான் என்ன செய்ய?

நான் ஒப்புக்கொண்டதும் அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் என்னை அழைத்து, அவள் எடுத்த படங்களை மேஜைமேல் பரப்பினார். அவளும் உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு தடவை வந்த துண்டுகளில் வெட்டின் ஆழம் 0.75 என்று அவள் வாசித்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு நான் வீட்டில் இருந்திருப்பேன். கூடத்தில் ஐந்து பேர் வந்து போகிறார்கள், யார் வைத்தது என்று எப்படிச் சொல்வார்கள்? ஆனால் தவறான எண் ஒன்று அரசாங்கத் தாளில் ஏறப்போகிறது.

“0.80. ஒன் நுண்ணோக்கிக்க அளவுகோல சரிபாக்கணும்” என்றேன்.

அந்தப் பெண் மெதுவாகப் பேனாவை எடுத்து, 0.75 என்பதை அடித்துவிட்டு 0.80 என்று எழுதினாள்.

ஏன் செய்தாய் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பகை இருக்குமோ, பணம் வாங்கியிருப்பேனோ, வேறு யாராவது தூண்டினார்களோ என்றெல்லாம் தேடுகிறீர்கள். ஒன்றும் கிடைக்காது. சோமன் மேல் எனக்குப் பகை இல்லை. பகை கொள்ளவும் ஒரு தகுதி வேண்டுமே. அவனவன் எவ்வளவு தாங்குவான் என்பது அவனவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஒரு விஷயம் மட்டும் நேற்று சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், விட்டுப்போனது என்று இருக்கக்கூடாது.

முதல் தடவை மாசியில் சோமன் கொண்டுவந்த பெட்டியில் ஐந்து துண்டுகள் அல்ல, ஆறு இருந்தன. ஆறாவது, ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று வைத்தது. அவன் போன பிறகு, கம்பியைத் தொடுவதற்கு முன்னால், அந்த ஆறாவதை வெட்டு வைக்காமல் இயந்திரத்தில் மாட்டினேன். எழுபதுக்குள் விட்டுவிடும் என்று நினைத்தேன். எண்பது தாண்டியது. நூறு தாண்டியது. நூற்றிருபதில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். நூற்று நாற்பத்திரண்டில் உடைந்தது. எடுத்துப் பார்த்தால் ஒட்டு விடவே இல்லை. ஒட்டு அப்படியே இருக்க, நடுவில் பீங்கான்தான் இரண்டாகப் போயிருந்தது. இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ பெரிய கம்பெனிகளின் துண்டுகளை இழுத்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த எண்ணை நான் எங்கும் எழுதவில்லை. துண்டை என் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்தேன். பிறகு மற்ற ஐந்தையும் எடுத்து வரிசையாக வைத்து, கம்பியை எடுத்தேன்.

இழுப்பறையின் சாவி என் மனைவியிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்கு வேண்டுமென்றால் அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதைச் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.